செவ்வாயில் மூச்சு

செவ்வாய்க் கிரகத்தை உயிர்கள் வாழ்தற்கேற்ற உலகமாக்கலாம் என்னும் எண்ணம் விஞ்ஞானிகள் பலரைக் கவர்ந்துள்ளது. அங்கே வளி உண்டு. ஆனால் அதன் அமுக்கம் பூமியினதில் நூற்றிலொரு பங்கும் இல்லை. அத்துணை மெல்லிய வளியிற் பனிக்கட்டி உருகினாலும் நீராய்த் தங்காது, ஆவியாகிவிடும்.

துருவங்களில் உறைந்து கிடக்கும் கரியமிலவாயுவை வெளிப்படுத்தினால் வளிமண்டலம் தடிக்கும்; போர்வைபோல் வெப்பத்தைப் பிடித்து வைக்கும்; அவ்வெப்பம் மேலும் பனியை உருக்கும். திட்டத்தின் சாரம் இதுவே. கேட்பதற்கு எளிது, கணக்கோ வேறு. விண்கலங்கள் திரட்டிய தரவுகளை 2018ஆம் ஆண்டில் புரூஸ் ஜகோஸ்கி, கிறிஸ்தோபர் எட்வர்ட்ஸ் ஆகிய இருவர் ஆராய்ந்தனர். எளிதில் எட்டும் வாயு முழுவதையும் வெளியேற்றினாலும் அமுக்கம் பூமியினதில் ஐம்பதிலொரு பங்களவே ஆகும் எனக் கண்டனர். பண்டைய வளியின் பெரும்பகுதி எங்கே போயிற்று? பூமிக்குள்ளது போன்ற காந்தக் கவசம் செவ்வாய்க்கு இன்று இல்லை. சூரியனிலிருந்து வீசும் துகட்காற்று அதனை விண்வெளிக்கு அடித்துச் சென்றுவிட்டது. போனதை மீட்க வழியில்லை.

ஒட்சிசன் ஆக்குதலோ நடந்தேயிருக்கிறது. பெர்சிவியரன்ஸ் ஊர்தியிலமைந்த மொக்ஸி என்னும் சிறு கருவி, செவ்வாயின் கரியமிலவாயுவைக் கடுஞ்சூட்டில் மின்சாரத்தாற் பிரித்து, 2021 முதல் 2023 வரை 16 தடவைகளில் 122 கிராம் ஒட்சிசன் தந்தது. ஒரு மனிதன் மூன்று மணி நேரத்துக்குச் சற்று அதிகமாய்ச் சுவாசிக்க அது போதும்! ஆகவே, கிரகம் முழுவதையும் மாற்ற முயல்வதிலும், கூடாரமொன்றிற் காற்றடைத்துப் பயிர் வளர்ப்பதே இப்போதைக்குத் தகும். அங்குங்கூட மண்ணை முதலிற் கழுவியாக வேண்டும். பேர்குளோரேற்று என்னும் நச்சுப்பு அதிற் கலந்திருப்பதைப் பீனிக்ஸ் விண்கலம் 2008இல் கண்டறிந்தது.