எதிரியை நோக்கித் திரும்பிய சிறுகப்பல்

புனேயில் கடல் இல்லை. சஹ்யாத்ரி மலையைத் தாண்டி, நூற்றுச் சொச்சம் கிலோமீட்டர் போனால்தான் கொங்கணக் கரை. தென் பிராந்தியத் தலைமையகம், கட்கியில் பாம்பே சாப்பர்ஸ், கண்டோன்மென்ட் தெருக்கள் என்று ஊருக்கு இருப்பது தரைப்படையின் முகம். ஆனால் கடற்படைக்காரர்கள் தலையெடுக்கும் இரண்டு முக்கியமான பயிற்சிக் கூடங்கள் இந்த மாவட்டத்தில்தான் இருக்கின்றன. கடக்வாஸ்லாவின் தேசியப் பாதுகாப்பு அகாடமியில், கடற்படையைத் தேர்ந்தெடுத்த பயிற்சி மாணவர்கள் ஏரியோரத்தில் ‘பீகாக் பே’ என்ற இடத்தில் பாய்ப் படகு செலுத்தப் பழகுகிறார்கள். லோணாவளாவில், மேகம் வந்து முட்டும் மலை மேல், ஐ.என்.எஸ். சிவாஜி இருக்கிறது. கப்பல் எஞ்சினை இயக்கவும் பழுது பார்க்கவும் கற்றுத் தரும் இடம்.

அந்தச் சிவாஜி 1945 பிப்ரவரி 15 அன்று, பம்பாய் கவர்னர் ஜான் கோல்வில் கையால் தொடங்கப்பட்டது. இரண்டாம் உலகப் போர் முடிய ஆறே மாதம் இருந்த நேரம். அவ்வளவு பெரிய பயிற்சிக் கூடத்துக்கு அப்போது தேவை எங்கிருந்து வந்தது? 1939இல் ராயல் இந்தியக் கடற்படையிடம் இருந்தவை எட்டே எட்டுப் போர்க்கப்பல்கள். 114 அதிகாரிகள், 1,732 மாலுமிகள். போர் முடியும்போது அந்தப் படையில் ஏறக்குறைய முப்பதாயிரம் பேர். நேற்றுவரை ஏர் பிடித்த கையிலும் பேனா பிடித்த கையிலும் நீராவி வால்வைக் கொடுத்துக் கடலுக்கு அனுப்ப வேண்டியிருந்தது. அப்படி அவசர அவசரமாகத் திரட்டப்பட்டவர்கள் என்ன செய்தார்கள் என்பதற்கு 1942 நவம்பரில் நடந்த ஒரு சண்டை சாட்சி.

பசிபிக் போர் என்றதும் நம் நினைவுக்கு வருபவை அமெரிக்காவின் மாபெரும் போர்க்கப்பல்கள். அதே நவம்பரின் 14ஆம் தேதி நள்ளிரவில், குவாடல்கனால் தீவுக்குப் பக்கத்தில், யு.எஸ்.எஸ். வாஷிங்டன் ஜப்பானின் கிரிஷிமாவைச் சந்தித்தது. வாஷிங்டனின் நீளம் 222 மீட்டர். பதினாறு அங்குலப் பீரங்கி ஒன்பது. ஒவ்வொரு குண்டும் 1,200 கிலோவுக்கு மேல். ரேடார் துணையோடு, எட்டுக் கிலோமீட்டருக்கும் குறைவான தூரத்திலிருந்து, சில நிமிடங்களில் 75 பெருங்குண்டுகள். கிரிஷிமா விடிவதற்குள் மூழ்கியது. அட்மிரல் வில்லிஸ் லீயின் அந்த இரவைப் பற்றி அலமாரி நிறையப் புத்தகங்கள் உண்டு. அதில் தவறில்லை, அது பெரிய வெற்றிதான்.

அதற்கு மூன்று நாள் முன்னால், இந்தியப் பெருங்கடலின் நடுவே, எச்.எம்.ஐ.எஸ். பெங்கால் என்ற இந்தியக் கப்பல் இரண்டு ஜப்பானியக் கப்பல்களை எதிர்கொண்டது. அதன் நீளம் 57 மீட்டர், நம் எக்ஸ்பிரஸ் ரயில் பெட்டிகள் இரண்டரையைக் கோத்து வைத்த அளவு. இந்தச் சண்டையை அறிந்தவர்கள் இந்தியாவிலேயே குறைவு. அந்தக் குறையை மனத்தில் வைத்துத்தான் இந்தக் கட்டுரை எழுதப்படுகிறது.

பெங்கால் பிறந்தது ஆஸ்திரேலியாவில். சிட்னி துறைமுகத்தின் காக்கட்டூ தீவுக் கப்பல் தளத்தில் 1941 டிசம்பரில் அடித்தளம் போட்டு, 1942 மே மாதம் நீரில் இறக்கி, ஆகஸ்டில் கடற்படையிடம் கொடுத்தார்கள். ‘பாதர்ஸ்ட்’ வகைக் கார்வெட். கண்ணிவெடி அகற்றவும் சரக்குக் கப்பல்களுக்குத் துணை போகவும் ஏற்ற சிறுகப்பல். ஆஸ்திரேலியா இந்த வகையில் அறுபது கட்டியது. அவற்றில் நான்கு இந்தியாவுக்கு: பம்பாய், மெட்ராஸ், பெங்கால், பஞ்சாப். பெங்காலின் வேகம் பதினைந்து நாட். அதன் முதன்மைப் பீரங்கி ஒரே ஒரு பன்னிரண்டு பவுண்டர். பெயரே சொல்வதுபோல, குண்டின் எடை ஐந்தரைக் கிலோ அளவில்தான்.

அந்த ஆண்டு கடல் எப்படி இருந்தது என்பதையும் சொல்ல வேண்டும். பிப்ரவரி 15இல் சிங்கப்பூர் விழுந்தது. ஏப்ரல் 5 அன்று கொழும்பிலும் 9 அன்று திருகோணமலையிலும் ஜப்பானிய விமானங்கள் குண்டு போட்டன. இடையில் 6ஆம் தேதி விசாகப்பட்டினமும் காக்கிநாடாவும் தாக்கப்பட்டன. அன்றே பர்மாவின் அக்யாப் அருகே எச்.எம்.ஐ.எஸ். இண்டஸ் மூழ்கடிக்கப்பட்டது. சென்னை காலியானது, மூட்டை முடிச்சோடு ஜனங்கள் உள்நாட்டுப் பக்கம் ஓடினார்கள், மிருகக்காட்சிசாலையின் சிங்கம் புலிகளைச் சுட்டுவிட்டார்கள். வங்கக் கடல் யாருடையது என்று உறுதியாகச் சொல்ல முடியாத ஆண்டு அது.

நவம்பர் 5 அன்று ஆஸ்திரேலியாவின் ஃப்ரீமான்டில் துறைமுகத்திலிருந்து பெங்கால் கிளம்பியது. கூடவே ஒண்டினா என்ற டச்சு எண்ணெய்க் கப்பல், 6,300 டன், தொட்டிகள் காலி. அதன் பின்பகுதியில் ஒரு நாலு அங்குலப் பீரங்கியும், அதற்கு 32 குண்டுகளும் இருந்தன. டீகோ கார்சியாவில் எண்ணெய் நிரப்பிக்கொண்டு மேலே போவதாகத் திட்டம். ஆறு நாள் ஒன்றும் நடக்கவில்லை.

11ஆம் தேதி, நண்பகல் நெருங்கும் வேளை. கோகோஸ் தீவுகளுக்குத் தென்மேற்கே, எந்தப் பக்கம் பார்த்தாலும் கரையில்லாத இடத்தில், அடிவானத்தில் ஒரு கப்பல் தெரிந்தது. சற்று நேரத்தில் இன்னொன்று. ஹோகோகு மாரு, ஐகோகு மாரு. இரண்டும் ஒசாகா ஷோசென் நிறுவனம் பயணிகளுக்காகக் கட்டிய பத்தாயிரம் டன் கப்பல்கள். போர் வந்ததும் 14 சென்டிமீட்டர் பீரங்கிகள், டார்பிடோக் குழாய்கள், மிதவை விமானங்கள் எல்லாம் ஏற்றி, வணிகக் கப்பல்களை வேட்டையாட அனுப்பினார்கள். பசிபிக்கில் வின்சென்ட், மலாமா என்ற இரண்டு அமெரிக்கக் கப்பல்கள் இவற்றுக்கு இரையாகியிருந்தன. இந்தியப் பெருங்கடலுக்கு வந்த பிறகு ஜெனோட்டா, எலிசியா, ஹவுராக்கி. கைதேர்ந்த வேட்டைக்காரர்கள். வேகம் இருபத்தோரு நாட். அவற்றின் ஒரு பீரங்கிக் குண்டு 38 கிலோ.

பெங்காலின் கேப்டன் லெஃப்டினன்ட் கமாண்டர் வில்லியம் ஜோசப் வில்சன். ஓடித் தப்ப வழியில்லை என்பது பார்த்தவுடனே அவருக்குப் புரிந்திருக்கும். பதினைந்து நாட் கப்பல் இருபத்தோரு நாட் கப்பலிடமிருந்து எங்கே ஓடுவது? ஒண்டினாவை விலகிப் போகச் சொன்னார். பெங்காலின் மூக்கை முதலில் வந்த ஹோகோகு மாருவை நோக்கித் திருப்பினார். தன்மேல் எதிரியின் கவனத்தை இழுத்துப் பிடித்துக்கொண்டால் எண்ணெய்க் கப்பல் தப்பிக்கச் சிறிது நேரம் கிடைக்கும் என்பது கணக்கு.

அந்த முடிவின் பாரம் முழுதும் கப்பலின் வயிற்றுக்குள் இருந்தவர்கள்மேல் இறங்கியது. பாதர்ஸ்ட் வகைக் கப்பலில் இரண்டு நீராவி எஞ்சின்கள், இரண்டு சுழலிகள். எண்ணெய் எரியும் பாய்லருக்கு முன்னால் ஸ்டோக்கர்கள் நிற்பார்கள். மேல்தளத்திலிருந்து டெலிகிராஃப் மணி அடிக்கும். முள் ‘முழு வேகம்’ என்ற எழுத்தில் வந்து நிற்கும். அவ்வளவுதான் அவர்களுக்குக் கிடைக்கும் செய்தி. எதிரி எந்தப் பக்கம், எத்தனை பேர், எவ்வளவு தூரம், எதுவும் தெரியாது. பீரங்கி முழங்கினால் தகடு அதிரும். அது நம்முடைய குண்டா வந்து விழுந்த குண்டா என்பதை அதிர்விலிருந்து ஊகிக்க வேண்டும். பாய்லர் பக்கம் ஒரு குண்டு வந்தால் கொதிநீராவியே எமன். அந்த நிலையில் அழுத்தமானியின் முள் இறங்காமல் பார்த்துக்கொள்வதுதான் அவர்களுடைய சண்டை. போர்க் கதைகளில் பீரங்கிக்காரனுக்குக் கிடைக்கும் இடத்தில் பாதியாவது ஸ்டோக்கருக்குக் கிடைக்க வேண்டும்.

பெங்கால் தன் சின்னப் பீரங்கியால் சுட்டுக்கொண்டே நெருங்கியது. ஒண்டினாவின் கேப்டன் வில்லெம் ஹோர்ஸ்மன் விலகி ஓடவில்லை. அவருடைய ஆட்களும் சுடத் தொடங்கினார்கள். இரண்டு சிறு பீரங்கிகளும் ஹோகோகு மாருவையே குறி வைத்தன. ஒரு குண்டு அதன் டார்பிடோக் குழாய்ப் பகுதியில் போய் விழுந்தது. அங்கே வெடிப்பு. மிதவை விமானத்தின் பெட்ரோல் பற்றியது. தீ பின்பக்கம் பரவி வெடிமருந்துக் கிடங்கை எட்டியது. பத்தாயிரம் டன் கப்பல் வெடித்து மூழ்கியது. கேப்டன் இமாசாட்டோ உட்பட 76 பேர் இறந்தார்கள்.

அந்தக் குண்டு யாருடையது? பெங்காலுடையது என்று இந்தியக் கடற்படைத் தரப்பும், ஒண்டினாவுடையது என்று டச்சுத் தரப்பும் நெடுங்காலமாகச் சொல்லி வருகின்றன. நாலு அங்குலக் குண்டு பன்னிரண்டு பவுண்டரைவிடக் கனமானது என்பதால் ஒண்டினா பக்கம் நியாயம் கொஞ்சம் கூடுதலாகவே தெரிகிறது. நம் கப்பல் என்பதற்காக அதை மறைக்க வேண்டியதில்லை. பெங்கால் அன்று திரும்பாமல் இருந்திருந்தால் ஒண்டினாவின் பீரங்கிக்காரர்களுக்குக் குறி பார்க்க அவகாசம் கிடைத்திருக்காது. பெங்காலின் பெருமை அந்தத் திருப்பத்தில் இருக்கிறது. இலக்கைத் தொட்ட குண்டு யாருடையதாக இருந்தாலும் அது குறையாது.

சண்டை அத்தோடு முடியவில்லை. ஐகோகு மாரு மிச்சம் இருந்தது. பெங்கால்மேலும் குண்டுகள் விழுந்து சேதம் ஆகியிருந்தது. சுட வேண்டிய குண்டுகள் தீர்ந்து வந்தன. வில்சன் புகைத்திரை போட்டு விலகினார். ஒண்டினா அடிபட்டதைப் பார்த்தவர்கள் அது மூழ்கிவிட்டது என்றே நினைத்தார்கள். பெங்கால் நவம்பர் 17 அன்று டீகோ கார்சியாவை அடைந்தது. கப்பலில் ஓர் உயிர்கூடப் போகவில்லை.

ஒண்டினாவின் கதை இன்னும் கடுமையானது. 32 குண்டுகளும் தீர்ந்ததும் ஹோர்ஸ்மன் கப்பலைக் கைவிடும்படி கட்டளையிட்டார். அடுத்து விழுந்த குண்டில் அவரே இறந்தார். ஐகோகு மாரு டார்பிடோக்களை ஏவியது; இரண்டு தாக்கின. உயிர்ப்படகுகளில் இறங்கியவர்கள்மேல் இயந்திரத் துப்பாக்கியால் சுட்டார்கள். பிறகு ஜப்பானியர்கள் தம் மாலுமிகளை நீரிலிருந்து தூக்கிக்கொண்டு போய்விட்டார்கள். ஒண்டினா சாய்ந்தது, ஆனால் மூழ்கவில்லை. எண்ணெய் இல்லாத வெற்றுத் தொட்டிகள் அதைத் தாங்கிப் பிடித்தன. டச்சுக்காரர்கள், சீனர்கள், பிரிட்டிஷ்காரர்கள் எல்லோருமாக மீண்டும் கப்பலில் ஏறி, தீயை அணைத்து, எஞ்சினை உயிர்ப்பித்து, ஃப்ரீமான்டிலை நோக்கித் திரும்பினார்கள். ரகசியக் குறியீட்டுத் தாள்கள் கடலில் எறியப்பட்டிருந்ததால் சாதாரண மொழியில் உதவி கேட்டார்கள். கரையில் இருந்தவர்களோ, மூழ்கிய கப்பல் எப்படிப் பேசும், இது ஜப்பானியச் சூழ்ச்சி என்று சந்தேகப்பட்டார்கள். ஒரு விமானம் நேரில் பார்த்த பிறகே நம்பினார்கள். 18ஆம் தேதி ஒண்டினா துறைமுகம் சேர்ந்தது. ஹோர்ஸ்மனோடு சேர்த்து ஐந்து பேர் இறந்திருந்தார்கள். நெதர்லாந்து அவருக்கு மறைவுக்குப் பின் தன் உயரிய வீர விருதான வில்லெம் விருதை அளித்தது. வில்சனுக்கு டி.எஸ்.ஓ. பதக்கம் கிடைத்தது.

மாலுமிகளுக்கு? அந்தக் காலக் கடற்படை ரத்னகிரிப் பக்கத்துக் கொங்கணி முஸ்லிம்களையும் பஞ்சாபிகளையும் நம்பி இருந்தது. போர் வளர வளர இந்தியாவின் எல்லா மாகாணங்களிலிருந்தும் ஆள் எடுத்தார்கள். எடுத்தவர்களுக்குக் கிடைத்தது மட்டமான சாப்பாடு, வெள்ளைக்கார மாலுமிக்கும் இந்திய மாலுமிக்கும் வேறு வேறு சம்பளம், சில அதிகாரிகளின் வசைமொழி. 1946 பிப்ரவரி 18 அன்று பம்பாயில் எச்.எம்.ஐ.எஸ். தல்வாரில் சாப்பாட்டைத் தள்ளி வைத்ததில் தொடங்கிய வேலைநிறுத்தம், சில நாளில் எழுபதுக்கும் மேற்பட்ட கப்பல்களுக்கும் இருபதாயிரம் பேருக்கும் பரவியது. அவர்களைக் கட்டுப்பாடு இல்லாதவர்கள் என்று அன்றைய அதிகாரம் எழுதி வைத்தது. மூன்றே சொச்சம் ஆண்டு முன்னால் இதே படை பெங்காலில் எப்படி நின்றது என்பதைத் தெரிந்துகொண்டு படித்தால், அந்த வார்த்தை எவ்வளவு அநியாயம் என்பது புரியும்.

கப்பல்கள் பின்னால் வேறு வேறு முடிவுகளைக் கண்டன. ஐகோகு மாரு பசிபிக்குக்கே திரும்பிப் போய், 1944 பிப்ரவரி 17 அன்று ட்ரக் தீவுக் காயலில் அமெரிக்க விமானங்களிடம் சிக்கி வெடித்தது. இன்று கடலடியில் முக்குளிப்பவர்கள் அதைப் பார்த்து வருகிறார்கள். ஒண்டினா பழுது பார்க்கப்பட்டு மறுபடி எண்ணெய் சுமந்து, 1959இல் உடைக்கப்பட்டது. பெங்கால் சுதந்திர இந்தியாவின் கடற்படையிலும் பணியாற்றி, 1960இல் ஓய்ந்தது.

புனேயிலிருந்து டெக்கான் குவீன் ஏறினால் மூன்றரை மணி நேரத்துக்குள் மும்பை. மஸ்ஜித் பந்தர் பக்கம் இந்திய மாலுமிகள் இல்லம் என்ற கட்டடம் இருக்கிறது. இரண்டாம் உலகப் போரில் கடலைத் தவிர வேறு கல்லறை இல்லாமல் போன கடற்படை, வணிகக் கப்பல் இந்தியர்கள் கிட்டத்தட்ட 6,500 பேருக்கான நினைவகம் அங்கே உள்ளது. அந்தச் சண்டைக்காக பெங்காலின் ஆட்களை அங்கே தேடிப் பயனில்லை, அன்று அவர்களில் ஒருவரும் சாகவில்லை. பிழைத்து வந்து, ரத்னகிரியிலும் பஞ்சாபிலும் தென்னாட்டிலும் முதுமை கண்டவர்கள் அவர்களில் இருப்பார்கள். பேரப்பிள்ளைகள் யாராவது பரணில் இருக்கும் தகரப் பெட்டியைத் திறந்து, தாத்தாவின் சர்வீஸ் புத்தகத்தில் 1942ஆம் ஆண்டுக்கு நேரே எந்தக் கப்பலின் பெயர் இருக்கிறது என்று பார்க்க வேண்டும்.