உஷார்! காலையில் குழாயில் வரும் முதல் தண்ணீர்

விடிந்ததும் சமையலறைக் குழாயைத் திறந்து, முதலில் வருகிற தண்ணீரில் குழந்தைக்குப் பால் பவுடர் கரைக்கிறீர்களா? தயவுசெய்து நிறுத்துங்கள். குழாய் பித்தளை என்றால், அது இரவெல்லாம் அதன் வயிற்றுக்குள் தேங்கிக் கிடந்த தண்ணீர். அதில் காரீயம் இறங்கியிருக்கலாம்.

வெளியே பளபளக்கிறதே என்று ஏமாறாதீர்கள். அந்த குரோமியப் பூச்சு மேலுக்குத்தான். குழாயைக் கழற்றி உள்ளே பாருங்கள், மஞ்சளாக வெறும் பித்தளை தெரியும்.

வால்வு, குழாய், கேஸ் இணைப்பு என்று சூட்டில் அடித்துச் செய்யும் சாமான்களுக்கென்றே ஒரு பித்தளை இருக்கிறது. நூற்றுக்குச் சுமார் 60 பங்கு செம்பு, 38 பங்கு துத்தநாகம், 2 பங்கு காரீயம். 700 டிகிரி செல்சியஸ் வாக்கில் சூடேற்றி அச்சில் வைத்து அடித்தால், பிசைந்த மாவைப் போல மூலை முடுக்கெல்லாம் போய் நிரம்பும். வார்ப்பில் வருகிற காற்றுக்குமிழி இதில் வராது, அதனால் கசிவும் குறைவு. கேஸ் வால்வுக்கு அருமையான உலோகம், அதில் எனக்கு எந்தச் சண்டையும் இல்லை.

அந்த 2 பங்கு காரீயம் எதற்கு? லேத் பட்டறையில் நின்று பார்த்தால் விளங்கும். காரீயம் இல்லாத பித்தளையைக் கடைந்தால் நீள நீளமாகச் சுருண்டு வந்து உளியைச் சுற்றிக்கொள்ளும். காரீயம் சேர்த்ததோ உமி மாதிரி பொடிப்பொடியாக உதிரும். வேலை சீக்கிரம் முடியும், உளியும் தேயாது. காரணம், காரீயம் பித்தளையோடு கரைவதில்லை. பொட்டுப் பொட்டாகத் தனியே நிற்கிறது. கடையும்போது அந்தப் பொட்டுகளை உளி இழுத்து, உட்சுவர் நெடுக மெல்லிசாகத் தடவிவிடுகிறது. புதுக் குழாய் முதல் சில வாரங்களில் அதிகமாகக் காரீயத்தை விடுவதற்கு இது ஒரு முக்கியக் காரணம்.

"ஈயம்தானே, பாட்டி ரசம் வைத்த ஈயச்சொம்பில் இல்லாததா?" என்று கேட்காதீர்கள். பாட்டி வைத்திருந்தது வெள்ளீயம். இது காரீயம், குழந்தையின் மூளை வளர்ச்சியைக் கெடுக்கும் விஷம். நிறமில்லை, வாசனையில்லை. கொதிக்க வைத்தாலும் போகாது. தண்ணீர் வற்ற வற்ற இன்னும் செறிவாகும். நம் நாட்டுக் குடிநீர்த் தர அளவு லிட்டருக்கு 0.01 மில்லிகிராம் மட்டுமே. அமெரிக்காவில் 2014 ஜனவரி முதல், குடிநீர் படும் பாகங்களில் காரீயம் சராசரியாக 0.25 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. நான் சொன்ன பித்தளையில் இருப்பது அதைப்போல் எட்டு மடங்கு!

காலையில் குழாயைத் திறந்து, தண்ணீர் நன்றாகச் சில்லென்று வரும்வரை ஓட விடுங்கள். அதை வாளியில் பிடித்துத் தரை துடைக்கலாம், வீணாகாது. கீசர் தண்ணீரைச் சமையலுக்கு எடுக்கவே வேண்டாம், சூடான தண்ணீர் காரீயத்தை அதிகமாகக் கரைக்கும். குடிநீருக்குப் புதுக் குழாய் வாங்கினால் துருப்பிடிக்காத எஃகையோ, காரீயம் நீக்கிய பித்தளையையோ கேட்டு வாங்குங்கள்.

பித்தளை கடையும் பட்டறையில் வேலை செய்பவர் வீட்டில் இருந்தால் இன்னும் உஷார். அந்தப் பொடி சட்டையில் ஒட்டிக்கொண்டு வீட்டுக்கு வரும். கையை சோப்புப் போட்டுக் கழுவி, சட்டையை மாற்றிய பிறகுதான் பிள்ளையைத் தூக்க வேண்டும். அந்தச் சட்டையைப் பிள்ளையின் துணியோடு சேர்த்து ஊற வைக்காதீர்கள்.