கடற்கரை இல்லாத சித்தூர்ச் சீமை

பிழைப்பை நாடி இப்பகுதியில் வந்து குடியமர்ந்த நம் குடும்பங்கள், தமக்குச் சோறிடும் நிலத்தின் இயல்பை அறிந்திருத்தல் நலம்.

சித்தூர் ஜில்லா 1911-ஆம் ஆண்டு ஏப்ரல் முதல் நாள் அமைக்கப்பட்டது. வட ஆர்க்காடு, கடப்பை ஜில்லாக்களின் பகுதிகளும், கார்வேட்டிநகரம், காளஹஸ்தி, புங்கனூர் முதலிய ஜமீன் நிலங்களும் இதில் சேர்ந்தன. 1953-இல் இது ஆந்திர ராஜ்யத்துடன் இணைந்தது. 1960-இல் திருத்தணி சென்னை ராஜ்யத்திற்கு வந்தது. 2022-இல் திருப்பதி தனி ஜில்லாவாயிற்று. எல்லைகள் மாறினும் இருமொழிக் கலப்பு மாறவில்லை. வெதுருகுப்பம் என்னும் பெயரே அதற்குச் சான்று: ‘வெதுரு’ என்பது தெலுங்கில் மூங்கில், ‘குப்பம்’ நாமும் அறிந்த சிற்றூர்ப் பெயர்.

இந்த ஜில்லாவுக்குக் கடல் இல்லை. வற்றாத பேராறும் இல்லை. கிழக்குத் தொடர்ச்சி மலையின் குன்றுகளுக்கிடையே ஓடும் பொன்னையாறும் குசஸ்தலையாறும் மழை பெய்தால் பெருகி, பின்னர் மணலாய்க் கிடப்பவை. ஆகவே உழவர்கள் ஏரியையும் கிணற்றையும் நம்பினர். நாளடைவில் ஆழ்துளைக் கிணறுகளும் வந்தன. நீர் கிட்டிய இடத்தில் நெல்லும் கரும்பும், கிட்டாத மேட்டில் நிலக்கடலையும் விளைந்தன. வேர் ஊன்றியபின் வறட்சியைத் தாங்கவல்ல மாமரம் அம்மேட்டு நிலங்களில் பெரிதும் பரவிற்று.

அவற்றுள் மிகுதியானது ‘தோத்தாபுரி’ என்னும் கிளிமூக்கு மாம்பழம். பங்கனபள்ளியைப் போல வீட்டில் அறுத்துண்ண இதனை வாங்குவோர் குறைவு. பழக்கூழ் ஆலைகளே இதற்கு முக்கியச் சந்தை. ஆலைகளில் கூழாக்கி அடைக்கப்பெற்ற சரக்கு, சென்னைத் துறைமுகத்தின் வழியே வெளிநாடு செல்கிறது. ஆகவே அங்கே கேட்பு குறைந்தால் இங்கே தோட்டத்தில் விலை சரிகிறது.

2025-ஆம் ஆண்டு இது கண்கூடாயிற்று. முந்திய பருவத்துக் கூழே ஆலைகளில் தேங்கியிருக்க, புதிய விளைச்சலும் மிகுந்தது. பழமேற்றிய லாரிகள் ஆலை வாசல்களில் நாட்கணக்கில் காத்து நின்றன. கிலோவுக்கு ஆலைகள் 8 ரூபாயும் அரசாங்கம் 4 ரூபாயும் தரவேண்டுமென ஏற்பாடு செய்ய நேர்ந்தது. பருவம் கடந்தால் நெல்லைக் குதிரில் வைக்கலாம். பழுத்த மாங்கனியை எங்கே வைப்பது?

இந்த இழப்பு தோட்டக்காரரோடு நிற்பதன்று. காய் பறிப்போர், மூட்டை சுமப்போர், ஆலையில் தோல் சீவும் பெண்கள் ஆகியோர் கூலியும் அதனுடன் குறைகிறது. நம்மவரிலும் அத்தொழில் செய்வோர் உண்டு அன்றோ?

மாமரம் காய்க்கச் சில ஆண்டுகள் ஆகும். விலை வீழ்ந்த ஆண்டில் வெட்டி, மறு ஆண்டு வேறொன்று நட்டுப் பயன்பெற இயலாது. எனவே ஒரே ரகத்தை, ஒரே வகைக் கொள்வோரை நம்பியிருத்தல் ஆபத்து. உண்பதற்குரிய ரகங்களையும் கலந்து நடுதல், மரம் வளரும்வரை ஊடுபயிர் இடுதல், நாள்தோறும் காசு தரும் கறவை மாட்டைக் கைவிடாதிருத்தல் ஆகியவை நாம் கருதத்தக்கன. தோட்டம் உடையவர் இவற்றைச் செய்க. கூலிக்குச் செல்வோர் மாம்பருவத்து வருவாயில் ஒரு பங்கைச் சேமித்து வைக்க.