வயிற்று நோயும் வீட்டு மருத்துவமும்

மன்னார்த் தீவும் அதனையடுத்த பெருநிலக் கரையும் இலங்கையின் வறண்ட பகுதிகளைச் சேர்ந்தவை. ஆண்டு மழையின் பெரும்பகுதி வடகீழ்ப் பருவக்காற்றினாலேயே கிடைக்கின்றது. ஆழங் குறைந்த மணற் கிணறுகளை நம்பி வாழும் குடும்பங்கள் இங்கு இன்றும் பல. மாரியில் வெள்ளம் மலக்குழியின் அழுக்கைக் கிணற்றிற் சேர்க்கும்போது வயிற்றோட்டம் பரவுகின்றது. கோடையில் நீர் அருகிக் கைகழுவும் வழக்கம் குறையும்போது அந்நோய் மீண்டும் தலைகாட்டுகின்றது.

இக்கரை வயிற்று நோயின் கொடுமையை நெடுங்காலமாக அறிந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டிலே தென்னிந்தியாவிலிருந்து மன்னார்க் கரையில் வந்திறங்கிய தோட்டத் தொழிலாளர், காட்டு வழியே மாத்தளை நோக்கி நடந்தனர். அவர்களுட் பலரை வாந்திபேதி வழியிலேயே மாய்த்தது. 1914இல் தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் இடையே கப்பற்சேவை தொடங்கியது. பின்னாளில் அவ்வழி வந்த தொழிலாளர், தொற்று நோய்க்கு அஞ்சி, மண்டபம் முகாமிலே தடுத்து வைக்கப்பட்டனர். வாந்திபேதி உயிரைக் கவர்வது, உடலிலுள்ள நீரையும் உப்பையும் சில மணி நேரத்திலேயே வெளியேற்றிவிடுவதனாலாகும். சாதாரண வயிற்றோட்டத்திலும் அஞ்சத்தக்கது இவ்விழப்பே.

வயிற்றுக் கோளாறுகள் யாவும் ஒருதன்மையன அல்ல. மிகையாக உண்டதனால் வரும் பொருமலுக்கும் குமட்டலுக்கும் வேர்க்கொம்பு இட்ட மல்லித்தண்ணீரும், இஞ்சிச்சாறும், அசமதாக நீரும் ஆறுதல் தருவன. இஞ்சி குமட்டலைத் தணிப்பது ஆய்வுகளாற் புலப்பட்டுள்ளது. ஆயின், கிருமியால் வந்த வயிற்றோட்டத்தில் இவை இழந்த நீரையும் உப்பையும் ஈடுசெய்ய மாட்டா.

அதற்குரிய மருந்தும் அடுக்களையிலேயே உளது. அதுவே உப்பிட்ட அரிசிக் கஞ்சி. சிறுகுடலின் சுவர் குளுக்கோசையும் உப்பையும் ஒருங்கே உள்வாங்குகின்றது; அவற்றைத் தொடர்ந்து நீரும் உடலிற் சேருகின்றது. இவ்வுண்மையை றொபேட் கிறேன் 1960இல் எடுத்துரைத்தார். வாந்திபேதியிலுங்கூட இவ்வழி அடைபடுவதில்லை. கஞ்சியிலுள்ள மாப்பொருள் குடலிற் குளுக்கோசாக மாறுவதால், கட்டுக்கரைக்குளத்து நீரில் விளைந்த அரிசியும் ஒரு சிட்டிகை உப்பும் அவ்வேலையைச் செய்யவல்லன.

1971இல் வங்காளதேச அகதிகள் தங்கிய பொன்காவ் முகாமில், ஊசிவழி ஏற்றும் உப்புநீர் போதாமற் போனது. மருத்துவர் திலீப் மகலனோபிஸ் உப்பும் குளுக்கோசும் கரைத்த நீரை நோயாளர்க்குப் பருகக் கொடுத்தார். ஏறத்தாழ 30 விழுக்காடாயிருந்த இறப்பு 4 விழுக்காட்டுக்கும் குறைந்தது.

எனினும், கஞ்சியைத் தந்த அதே மரபு, வயிற்றோட்டத்தின்போது வயிற்றைக் காயவிட வேண்டும் என்றும் சொல்லி வந்துள்ளது. நீரைக் குடித்தால் போக்கு மிகும் என அஞ்சிக் குழந்தைக்கு நீரை மறுப்பது பெருந்தீங்காகும். முன்னோர் வழக்கங்களுள் கொள்ளத்தக்கது இது, தள்ளத்தக்கது இது எனப் பகுத்தறிதல் வேண்டும்.

மருந்தகங்களிற் கிடைக்கும் ஜீவனிப் பொடியே சாலச் சிறந்தது. அதன் உறையிற் குறித்த அளவு கொதித்தாறிய நீரில் கரைத்து, ஒரு நாளுக்குள் பருக வேண்டும். அது கிட்டாதவிடத்து, ஒரு லீற்றர் கொதித்தாறிய நீரில் ஆறு மட்டத் தேக்கரண்டி சீனியும் அரை மட்டத் தேக்கரண்டி உப்பும் கரைத்துக் கொள்ளலாம். உப்பு மிகின் தீங்காம், அளவு தவறலாகாது. சத்தி எடுப்பினும், பத்து நிமிடம் பொறுத்துச் சிறிது சிறிதாகப் புகட்டுதல் தகும். தாய்ப்பாலை நிறுத்தலாகாது, வழமையான உணவையும் மறுக்க வேண்டியதில்லை.

மலத்தில் இரத்தம், கடுங்காய்ச்சல், ஓயாத வாந்தி, குழிந்த கண், சிறுநீர் அற்றுப்போதல், மயக்கம் ஆகியவற்றுள் ஒன்று தோன்றினும் வீட்டு மருத்துவத்தை நம்பியிராது மருத்துவமனையை நாட வேண்டும். கைக்குழந்தைகளின் பொருட்டுச் சிறிதும் தாமதித்தலாகாது. செல்லும் வழியிலும் கரைசலைப் புகட்டிக்கொண்டே செல்லல் நன்று.

சிவராத்திரிக்குத் திருக்கேதீச்சரத்தில் கூடும் அடியார் பாலாவியில் நீராடி நோன்பிருப்பர். அவர்க்கு நீர் வழங்குவோர் அதனைக் கொதிக்கவைத்து ஆற்றி வழங்குவாராயின், அத்தொண்டு நோயையும் தடுப்பதாகும். வந்தபின் உப்புக் கஞ்சி. வருமுன் தூய நீர். வறண்ட இக்கரைக்கு இவ்விரண்டும் வேண்டும்.