தோற்ற ஆட்டத்தையும் எழுதட்டும்!

பிள்ளை கைப்பேசியைக் கையில் எடுத்தாலே அம்மாவுக்குக் கோபம் வருகிறது. “இந்தச் சனியனை வைத்துக்கொண்டு விடிய விடிய என்னதான் செய்கிறானோ!” என்று அடுத்த வீட்டு அக்காளிடம் சொல்லி வருந்தாத தாய் இன்று தோட்டத்திலும் இல்லை, பட்டணத்திலும் இல்லை. கோபத்தில் நியாயம் உண்டு. ஆனால், பிள்ளை எதை ஆடுகிறான் என்று ஒருமுறை எட்டிப் பார்த்துவிட்டுக் கோபித்துக்கொள்வது நல்லது.

சுடுவதும் ஓடுவதுமாக உள்ள ஆட்டங்கள் பல. காற்பந்து நிர்வாக ஆட்டம் அப்படிப்பட்டதன்று. இதில் பிள்ளை பந்தை உதைப்பதில்லை. ஒரு குழுவின் நிர்வாகியாகப் பொறுப்பேற்கிறான். யாரை வாங்குவது, யாரை விற்பது, யாரைத் திடலில் இறக்குவது, காயம்பட்டவனுக்கு எத்தனை நாள் ஓய்வு, இருக்கிற பணத்தில் எல்லாருக்கும் சம்பளம் கொடுக்க முடியுமா என்பவையே அவன் கவலைகள். வருமானத்துக்குள் குடும்பம் நடத்தும் நம் வீட்டுப் பெண்களுக்கு இந்தக் கவலை புதிதல்லவே!

எங்கே பிறந்தது?

இது இங்கிலாந்தில் வளர்ந்த ஆட்டம். 1982-இல் கெவின் டாம்ஸ் என்பவர் ‘ஃபுட்பால் மேனேஜர்’ என்ற கணினி ஆட்டத்தை வெளியிட்டார். 1992-இல் பால் காலியர், ஆலிவர் காலியர் என்ற அண்ணன் தம்பியர் இருவரும் தங்கள் வீட்டு அறையிலேயே உருவாக்கிய ‘சாம்பியன்ஷிப் மேனேஜர்’ வந்தது. முதல் பதிப்பில் ஆட்டக்காரர்களின் பெயர்கள் கற்பனை. அடுத்த பதிப்பில் உண்மைப் பெயர்கள் இடம்பெற்றன. பின்னர் அவர்களின் நிறுவனம் பழைய பதிப்பாளரைப் பிரிந்து, 2004 முதல் ‘ஃபுட்பால் மேனேஜர்’ என்ற பெயரிலேயே தன் ஆட்டத்தை வெளியிட்டது.

தொடக்க காலத்தில் திரையில் பந்து ஓடும் படம்கூடக் கிடையாது. என்ன நடக்கிறது என்று எழுத்து வரிகள் மட்டுமே சொல்லும். ஆட்டக்காரரின் ஒவ்வொரு திறமைக்கும் 1 முதல் 20 வரை எண் உண்டு. இந்த விவரத் தொகுப்பைப் பயன்படுத்தி ஆட்டக்காரர்களைத் தேட, 2008-இல் எவர்ட்டன் குழுவே ஒப்பந்தம் செய்துகொண்டது.

வாழ்வைத் திருடும் ஆட்டம்

இதில் ஆபத்து இல்லையா? உண்டு. இந்த ஆட்டத்தில் மூழ்கியவர்களின் அனுபவங்களைத் தொகுத்து 2012-இல் பிரிட்டனில் ஒரு நூல் வெளிவந்தது. அதன் பெயருக்கு, ‘ஃபுட்பால் மேனேஜர் என் வாழ்வைத் திருடிக்கொண்டது’ என்று பொருள்! வேடிக்கைக்காக வைத்த பெயர்தான். ஆனாலும் முழுப் பொய்யன்று.

ஆடியவர்களில் பலர் அத்தோடு நிற்கவில்லை. தங்கள் குழு எப்படி வென்றது, ஏன் தோற்றது என்று தொடர்கதைபோல எழுதினார்கள். நம் பிள்ளைகளுக்கும் இதையே சொல்ல விரும்புகிறேன். ஆடு, ஆனால் ஆடியதை எழுது. கட்டுரை எழுதச் சொன்னால் பேனாவைக் கடித்துக்கொண்டிருக்கும் பிள்ளைக்கும் தன் குழுவைப் பற்றிச் சொல்ல ஏராளம் இருக்கும்.

எப்படி எழுதுவது?

ஓர் ஆட்டத்துக்கு ஐந்து வரி போதும். ஆட்டத்துக்கு முன்பு, யாரை இறக்கினோம், ஏன் இறக்கினோம் என்று இரண்டு வரி. முடிந்த பின், நினைத்தது நடந்ததா என்று மூன்று வரி. எடுத்துக்காட்டாக இப்படி எழுதலாம்:

“இடப்பக்கத் தற்காப்பாட்டக்காரர் களைத்துப்போயிருந்தார். முன்னணியில் இருக்கிறோமே என்று மாற்றாமல் விட்டேன். 80-ஆவது நிமிடத்தில் அந்தப் பக்கமாகவே கோல் விழுந்தது.”

இதில் காரணமும் இருக்கிறது, விளைவும் இருக்கிறது. ‘அதிர்ஷ்டம் இல்லை’ என்ற சாக்குப்போக்கு இல்லை.

ஒரு கட்டுப்பாடும் வேண்டும். தோற்றுவிட்டால், முன்பு சேமித்துவைத்த இடத்துக்குத் திரும்பிப்போய் அதே ஆட்டத்தை மறுபடியும் ஆடும் வழி இருக்கிறது. வெற்றி கிடைக்கும்வரை அப்படியே செய்யும் பிள்ளைகள் உண்டு. நாட்குறிப்பு எழுதுகிறவன் அதைச் செய்யக்கூடாது. தோற்ற ஆட்டமும் ஏட்டில் ஏறவேண்டும்.

எண் வேறு, ஆள் வேறு

2001-ஆம் ஆண்டுப் பதிப்பை ஆடியவர்கள் டோன்டோன் சோலா மொகோகோ என்ற பெயரை மறக்கமாட்டார்கள். கின்ஷாசாவில் பிறந்து சுவீடனில் வளர்ந்த இளைஞர். இங்கிலாந்தின் டெர்பி கவுண்டி குழுவில் இளையோர் பிரிவில் இருந்தார். ஆட்டத்தில் அவரை வாங்கியவர்களுக்குக் கோல்மேல் கோல், கோப்பைமேல் கோப்பை! உண்மை வாழ்வில், டெர்பியின் முதல் குழுவுக்கு அவர் ஆடியதே இல்லை. அண்ணனின் மரணம் அவரைச் சுவீடனுக்குத் திரும்ப வைத்தது.

எண்ணைப் போட்டவர்கள் பொய் சொல்லவில்லை; ஊகித்தார்கள். ஒரு வீட்டுச் சாவு எந்த எண்ணிலும் அடங்காதே! ஆகவே நாட்குறிப்பில், எண்ணைத் தாண்டி ஆட்டக்காரனைப் பற்றியும் ஒரு வரி எழுதச் சொல்லுங்கள். ஊரைவிட்டு வந்தவனா? ஆறு மாதம் காயத்தில் கிடந்தவனா? மதிப்பெண் அட்டையைப் பார்த்து, “இவன் இவ்வளவுதான்” என்று பிள்ளையை முடிவுகட்டும் நமக்கும் இந்தப் பழக்கம் தேவைப்படுகிறது.

பெற்றோர்களே, ஆடும் நேரத்துக்கு ஓர் அளவு வையுங்கள். தூக்கத்தையும் பாடத்தையும் விட்டுக்கொடுக்க வேண்டாம். மகனோ மகளோ, ஒரு நோட்டுப்புத்தகம் வாங்கிக் கொடுங்கள். ஞாயிற்றுக்கிழமை மாலையில், “உன் குழு இந்த வாரம் என்ன ஆயிற்று? படித்துக் காட்டு” என்று கேளுங்கள். வென்றதை அவர்களே ஓடிவந்து சொல்வார்கள். தோற்றதைச் சொல்லும்போது திட்டாமல் கேளுங்கள்.