மீன்பாடு இல்லாத நாள்

"ஆளு எப்படி சேச்சி? குடிப்பாரா?" மீனவ ஊரான விழிஞ்ஞத்தில் கல்யாணத்துக்கு முந்தைய வகுப்பு எடுக்கும் என்னிடம் பெண்பிள்ளைகள் தனியாக வந்து கேட்பது பெரும்பாலும் இதுதான். நியாயமான கேள்வி. கூடவே இன்னொன்றையும் விசாரிக்கச் சொல்வேன்: மீன்பாடு இல்லாத நாளில் அவர் வீட்டுக்குள் எப்படி நுழைவார்?

இதைக் கேட்கச் சொல்வதற்குக் காரணம் உண்டு. மணவாழ்க்கையைப் பல ஆண்டுகள் பின்தொடர்ந்து பார்த்த 115 ஆய்வுகளைத் திரட்டிப் படித்த அமெரிக்க உளவியலாளர்கள் பெஞ்சமின் கார்னியும் தாமஸ் பிராட்பரியும், 1995இல் ஒரு மணவாழ்க்கை எப்படிப் போகும் என்பதைத் தீர்மானிக்கும் மூன்று விஷயங்களை முன்வைத்தார்கள். பிறந்து வளர்ந்த வீட்டிலிருந்து கொண்டுவரும் சுபாவமும் காயங்களும் ஒன்று. வெளியிலிருந்து வந்து விழும் நெருக்கடி இன்னொன்று. அதை இருவரும் எதிர்கொள்ளும் விதம் மூன்றாவது.

இந்தக் கரையில் நெருக்கடிக்குப் பஞ்சமில்லை. மண்ணெண்ணெய்க் கடன், எஞ்சின் பழுது. ஒக்கிப் புயல் வீசிய 2017 நவம்பர் 30க்குப் பிறகு காத்திருப்பதும் பழைய காத்திருப்பாக இல்லை. போன் கிடைக்கவில்லை என்றால் நெஞ்சு அடித்துக்கொள்கிறது. ஆள் கரையேறியதும் அந்தப் பயம் கோபமாக வெடிக்கிறது: "ஒரு வார்த்தை சொல்ல வாய் இல்லையா?" இரவெல்லாம் வலை இழுத்து வெறுங்கையோடு வந்தவர் காதில் அது குற்றச்சாட்டாக மட்டுமே விழுகிறது. எழுந்து போகிறார். மனைவி பின்னாலேயே போய்க் கேட்கக் கேட்க, இன்னும் இறுகுகிறார்.

ஜான் காட்மன் தம்பதிகளைப் பேசவைத்து அவர்களின் இதயத்துடிப்பையும் அளந்தவர். துடிப்பு நிமிடத்துக்கு 100ஐத் தாண்டினால் எதிராளி சொல்வது காதில் ஏறாது, உடம்பு அடங்கக் குறைந்தது 20 நிமிடமாவது வேண்டும் என்கிறார். பேசாமல் போகும் ஆண்களில் பலருக்கு அன்பு இருக்கிறது; உள்ளே நடக்கும் படபடப்பைச் சொல்லத்தான் தெரியவில்லை. "கொஞ்சம் பொறு, குளிச்சிட்டு வந்து பேசுறேன்" என்று சொல்லிவிட்டுப் போவது வேறு, சொல்லாமல் போவது வேறு. சொன்னபடி வந்து பேசவும் வேண்டும்.

பொறுத்துப் போ என்று பெண்ணுக்கு மட்டும் புத்தி சொல்வது எனக்கு ஒப்பவில்லை. கை ஓங்குகிறவனிடம் அனுசரிக்க ஒன்றுமே இல்லை. பெண்கள் உதவி எண் 181ஐக் கூப்பிடு என்றுதான் சொல்வேன்.

சமீபத்திய வகுப்பில் ஒரு பெண், "வந்ததும் மீன் கணக்கு கேட்க மாட்டேன், சாப்பிட்ட பிறகுதான்" என்றாள். "சந்தையில மீன் விக்காம நீ வர்ற நாள்ல நானும் கேட்க மாட்டேன்" என்றான் அவளைக் கட்டப்போகும் பையன். "அன்னிக்குச் சோறு யாரு வைப்பா?" என்று அவள் கேட்டாள். மீதி நேரம் முழுக்க அதைத்தான் பேசினோம்.