பரிட்டில் தூண்டில் போடும் முன் புல்லைப் பாருங்கள்

போர்ட்டிக்சன் என்றால் நமக்கெல்லாம் கடல்தான் ஞாபகம். விடுமுறை வந்தால் சிரம்பான் பக்கமிருந்து வரும் கார்கள் லுக்குட்டைத் தாண்டி நேராகக் கடற்கரைக்கே ஓடுகின்றன. வழியில் செம்பனை மரங்களுக்கு நடுவே நீண்டு கிடக்கும் வடிகால்களை யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. தோட்டத்தில் வளர்ந்தவர்களுக்கு அது 'பரிட்'. மீன் பிடிக்கக் கற்றுக்கொண்ட முதல் பள்ளிக்கூடமும் அதுதான்.

செம்பனையின் வேர் தேங்கிய நீரில் அழுகிவிடும். அதனால் தாழ்வான நிலத்தில் சிறு வடிகால்களை வெட்டி, பெரிய பரிட்டில் சேர்த்து, ஆற்றுக்குத் திருப்பிவிடுவார்கள். நிலத்தைக் காய வைக்க வெட்டிய வாய்க்காலில் மீன் வந்து குடியேறிவிடுகிறது. இங்கிலாந்தின் கிழக்கே சதுப்பு நிலங்களில் வெட்டிய வடிகால்களிலும் இதே கதைதான். அங்கே பிடித்த மீனைப் பெரும்பாலும் திரும்ப நீரில் விட்டுவிடுவார்கள். நம் ஊரில் அது குழம்புச் சட்டிக்குப் போகும். அதனால் நமக்குக் கவலையும் கொஞ்சம் கூடுதல்.

அண்மையில் ஒரு சனிக்கிழமை, நண்பரின் மாமாவோடு லுக்குட் பக்கம் ஒரு பரிட்டுக்குப் போனேன். அறுபதைத் தாண்டியவர். லயத்தில் பிறந்து இப்போது தாமானில் குடியிருக்கிறார். காலை ஏழு மணிக்கே போய்விட்டோம். நான் தூண்டிலைப் பிரிக்கப் போக, "இருங்க தம்பி, முதல்ல புல்லைப் பார்ப்போம்" என்றார்.

மீன் பிடிக்க வந்த இடத்தில் புல்லை எதற்குப் பார்க்க வேண்டும்? கரையோரம் ஐம்பது அடி தூரத்துக்குப் புல் மஞ்சளாகக் கருகியிருந்தது. "மருந்து அடிச்சிருக்காங்க. இங்க வேணாம்" என்று நடக்கத் தொடங்கினார். நீர் வரும் திசையில் வெகுதூரம் போய், புல் பச்சையாக இருந்த இடத்தில்தான் பையை இறக்கினார்.

அவருடைய மனைவி பல வருடம் தோட்டத்தில் மருந்து அடித்தவர். முதுகில் தோம்பு, கையில் குழாய், முகத்தில் ஒரு துணி. வேலை முடிந்ததும் தோம்பைப் பரிட்டிலேயே கழுவுவார்களாம். "நகமெல்லாம் கறுத்துப் போகும் தம்பி. மூக்குல ரத்தம் வரும். அதே பரிட்லதான் சாயங்காலம் நான் மீன் பிடிப்பேன்."

தோட்டங்களில் அதிகம் அடித்த களைக்கொல்லிகளில் ஒன்று பாராகுவாட். ஒரு வாய் விழுங்கினாலே உயிரைப் பறிக்கக்கூடியது. அதற்கு மாற்று மருந்து கிடையாது. மருந்து அடிக்கும் பெண்களின் நிலையைத் தெனாகனித்தா அமைப்பு 2002இல் ஆய்வறிக்கையாகவே வெளியிட்டது. அதே ஆண்டு அரசாங்கம் பாராகுவாட்டை நிறுத்த முடிவு செய்தது. 2006இல் தடை தளர்ந்தது. கடைசியில் 2020 ஜனவரி 1 முதல்தான் முழுத் தடை வந்தது. வேறு களைக்கொல்லிகள் இன்னும் புழக்கத்தில் இருக்கின்றன. ஆகவே மாமாவின் புல் சோதனையும் ஓயவில்லை.

ரொட்டியைப் பிசைந்து சிறு உருண்டையாக முள்ளில் குத்தினோம். தக்கை இரண்டு முறை துள்ளி அமிழ்ந்ததும் முதல் தெலாப்பியா வந்தது. ஆப்பிரிக்க மீனான இது, ஜப்பானியர் ஆட்சிக் காலத்தில் ஜாவாவிலிருந்து மலாயாவுக்கு வந்தது. தமிழ்நாட்டில் இதற்கு 'ஜிலேபி' என்று இனிப்பான பெயர்.

அடுத்து மண்புழுவுக்கு வந்தது புயு. நம் பனையேறிக் கெண்டைதான். காற்றைச் சுவாசிக்கும் உறுப்பு இருப்பதால் ஈரத் தரையில் ஊர்ந்தே அடுத்த குட்டைக்குப் போய்விடும். 1791இல் தரங்கம்பாடியில் ஒரு பனைமரத்தில் இந்த மீன் ஏறியதைப் பார்த்ததாக டேனிஷ் அதிகாரி டால்டோர்ஃப் எழுதியது 1797இல் லண்டனில் அச்சானது. மீன் மரம் ஏறுமா என்ற விவாதம் அதன்பிறகு வெகுகாலம் நடந்தது. தமிழ்க் கரையில் பெயர் பெற்ற மீன், லுக்குட் பரிட்டிலும் செவுளை விரித்து முறைக்கிறது.

பதினோரு மணிக்கு நீரின் மேல் செந்நிறமாக ஒரு கொத்து நகர்ந்தது. விரால் குஞ்சுகள். அடியில் பெரிய விரால் காவல் இருக்கும். அந்தக் கொத்தருகே எதைப் போட்டாலும் அது பாய்ந்து கடிக்கும் என்பது தூண்டில்காரர்களுக்குத் தெரியும். பிரசவத்துக்கும் அறுவைச் சிகிச்சைக்கும் பிறகு விரால் சூப் கொடுப்பது நம் வழக்கம் என்பதால் சந்தையில் நல்ல விலை. மாமா தூண்டிலை மேலே தூக்கிக்கொண்டார். "தாயோ தகப்பனோ ஒண்ணு காவல் நிக்குது. அதைப் பிடிச்சா நூறு குஞ்சும் போச்சு."

மதியத்துக்குமேல் வானம் இருட்டியதும் கட்டிவிட்டோம். திறந்த வெளியில் இடிக்கு முன் நீண்ட தூண்டிலைப் பிடித்து நிற்கக்கூடாது. மொத்தம் ஆறு தெலாப்பியா, இரண்டு புயு.

பிள்ளைகளோடு போக நினைப்பவர்களுக்குச் சில வார்த்தைகள். எலிச் சிறுநீர் கலந்த நீரால் லெப்டோஸ்பைரோசிஸ் வரும். காலில் புண் இருந்தால் நீரில் இறங்காதீர்கள், பூட்ஸ் போடுங்கள். தோட்டத்துக்குள் நுழைய அனுமதி கேளுங்கள். மீன் செத்து மிதந்தால் படம் எடுத்துச் சுற்றுச்சூழல் துறைக்குத் தெரிவியுங்கள். மருந்து கலந்த நீர் கண்ணுக்குத் தெளிவாகவே இருக்கலாம். மீனைக் கழுவுவதால் அது போய்விடாது. சந்தேகம் இருந்தால் பிடித்ததைத் திரும்ப விட்டுவிடுங்கள்.

மாமாவின் வீட்டில் அன்று புயுவைப் பொரித்தார்கள். அத்தை தட்டை வாங்கியதும் கேட்ட முதல் கேள்வி: "எந்தப் பக்கம் பிடிச்சீங்க?"

"பச்சைப் புல் பக்கம்" என்றார் மாமா. அதன்பிறகுதான் அவர் சாப்பிட்டார்.